மலைவழியும் மகளிரும்

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. அக்குறிஞ்சி நிலத்துத் தலைவி தினைப்புனத்துப் பரண்மீது அமர்ந்து கிளி ஓட்டுகிறாள், அருவியில் ஆடுகிறாள், வேங்கை மலர் கொய்கிறாள். மலை அவளுக்கு அயலிடம் அன்று. பிறந்த வீட்டு முற்றம் போன்றது. ஆயினும் பயணம் என்று வரும்போது நம் இலக்கண மரபு அவளை இல்லத்திலேயே இருத்திவிடுகிறது. கல்வி, பகை, தூது, பொருள் ஆகியவற்றின் பொருட்டுப் பிரிந்து செல்பவன் தலைவன், ஆற்றியிருப்பவள் தலைவி. பெண்ணை உடன்கொண்டு கடற்பயணம் செல்லுதல் வழக்கன்று என்றும் தொல்காப்பிய அகத்திணையியல் கூறுகிறது.

இந்நூற்பாக்களை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், பம்மலிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, கடலைப் பற்றித்தானே சொல்லியிருக்கிறது? மலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?" என்று வினவினாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. தேசிய மாணவர் படையின் வழியாக உத்தரகாசியில் நடைபெறும் மலையேற்றப் பயிற்சிக்கு அவள் தேர்வு பெற்றிருந்தாள். நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்றில் பணிபுரியும் அவளுடைய தந்தையார் மறுநாள் துறைக்கு வந்தார். சினமோ கடுமையோ அவரிடம் இல்லை. "படிப்புக்கு அனுப்பினேன். மலைக்கும் அனுப்பலாம். ஆனால், துணைக்கு யாரம்மா போவார்கள்?" என்றார். அந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

இலக்கியம் காட்டும் வழிநடை

இலக்கணம் தலைவியை இல்லத்தில் இருத்தியதேனும், இலக்கியத்தில் வழிநடந்த பெண்கள் உள்ளனர். அவர்களுள் தலைசிறந்தவர் சங்ககால ஒளவையார். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் அவர். தகடூர் இன்றைய தருமபுரி. பம்மலும் பல்லாவரமும் தாம்பரமும் அடங்கிய நம் பகுதியோ பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்தது. ஆடவர்க்குரிய பிரிவாக இலக்கணம் வகுத்த தூதினை ஒரு பெண், தன் புலமையையே துணையாகக் கொண்டு மேற்கொண்டாள் என்பது எண்ணி மகிழத்தக்கது.

கண்ணகியின் வழிநடை வேறு வகையினது. மதுரை எரிந்த பின்னர் வையைக் கரை வழியே மேற்குத் திசை நோக்கித் தனியே நடந்து, நெடுவேள் குன்றம் ஏறி, வேங்கை மர நிழலில் நின்றாள் என்று சிலம்பு கூறுகிறது. பம்மலுக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார், காரைக்கால் அம்மையார் கயிலை மலைக்குத் தனியே சென்ற செய்தியைப் பெரியபுராணத்தில் பாடியுள்ளார். அம்மலையைக் காலால் மிதித்தல் தகாது எனக் கருதித் தலையால் நடந்தார் அம்மையார் என்பது வரலாறு.

இம்மூவர் பயணத்தையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். கண்ணகி மலையேறியது, நாடு அவளுக்கு நீதி வழங்கத் தவறிய பிறகு. அம்மையார் மலையேறியது, இல்லற வாழ்வு அவரைக் கைவிட்ட பிறகு. இழப்பதற்கு ஏதுமில்லாத நிலையிலேதான் அவ்விருவர்க்கும் வழி திறந்தது. ஒளவையார் பயணம் அத்தகையதன்று. ஒரு பணியை ஏற்று, அதற்குரிய தகுதியோடு சென்ற பயணம் அது. நம் பெண்மக்களுக்கு நாம் விரும்ப வேண்டியது இவ்வகைப் பயணமே.

பல நிலங்களைக் கண்ட அந்த ஒளவையார்தாம், ஒரு நிலத்தின் நன்மை அது நாடாயிருப்பதையோ காடாயிருப்பதையோ, மேடாயிருப்பதையோ பள்ளமாயிருப்பதையோ பொறுத்ததன்று, அங்கு வாழும் ஆடவரின் நன்மையையே பொறுத்தது என்னும் கருத்தினைப் புறநானூற்றில் வைத்துள்ளார். வழி நடந்த பெண் ஒருத்தியின் பட்டறிவாகவே நான் அப்பாடலைப் படிக்கிறேன்.

அன்னை ஹாஜரா நடந்த வழி

இஸ்லாமிய வரலாற்றிலும் மலைவழியிற் பதிந்த பெண்ணின் அடிச்சுவடு ஒன்று உண்டு. நீரும் நிழலும் இல்லாத மக்காப் பள்ளத்தாக்கில் கைக்குழந்தையுடன் தனித்திருந்தவர் அன்னை ஹாஜரா அவர்கள். குழந்தையின் தாகம் தணிக்க ஸஃபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் இடையே ஏழு முறை சென்றுவந்தார். இறைவன் கைவிடமாட்டான் என்னும் உறுதி அவரிடம் இருந்தது. அவ்வுறுதியோடு கால்களும் ஓய்ந்திருக்கவில்லை. இன்று ஹஜ்ஜும் உம்ராவும் செய்யும் ஆடவர், பெண்டிர் அனைவரும் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழியை நடந்தே தீர வேண்டும். அரசனும் ஆலிமும் ஒரு பெண்ணின் அடிச்சுவட்டைப் பின்பற்றி நடக்கும் வழி அது.

மஹ்ரமான ஆண் துணையின்றிப் பெண் நெடுந்தொலைவு செல்லலாமா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம்பிக்கைக்குரிய பெண்கள் குழுவுடன் கடமையான ஹஜ்ஜுக்குச் செல்லலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. சட்ட நுணுக்கத்தை உலமாக்களிடம் விட்டுவிட்டு, புகாரீ தொகுப்பில் உள்ள ஒரு செய்தியை மட்டும் இங்கு நினைவூட்ட விழைகிறேன். வழிப்பறியைப் பற்றி ஒருவர் முறையிட்டபோது, அருகிலிருந்த அதீ இப்னு ஹாத்திம் அவர்களிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முன்னறிவிப்புச் செய்தார்கள்: ஈராக்கின் ஹீரா நகரிலிருந்து ஒரு பெண் புறப்பட்டு, இறைவனையன்றி எவருக்கும் அஞ்சாமல் வந்து கஅபாவை வலம்வரும் காலம் வரும் என்பதே அது. அக்காலத்தைத் தம் கண்ணாற் கண்டதாகவும் அதீ அவர்கள் கூறியுள்ளார்கள். நாட்டில் அமைதி நிலவுவதற்கு அடையாளமாக நபிகளார் காட்டியது, தனிவழிச் செல்லும் ஒரு பெண்ணின் அச்சமின்மை. ஒளவையின் கருத்தும் இதுவும் ஒன்றையொன்று தழுவி நிற்பதைத் தமிழ் மாணவர் உணர்தல் வேண்டும்.

45 வயதுக்கு மேற்பட்ட பெண்கள், நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் குழுவாக, மஹ்ரம் துணையின்றி ஹஜ் செல்ல 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு வழிவகுத்தது. என் உம்மா அவ்வாண்டில் மூன்று பெண்களுடன் சென்றார். என் தந்தையார் மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கிண்டிக்கு அப்பால் தனியே சென்றறியாதவர் அவர். உறவினரிடையே முணுமுணுப்பு எழாமல் இல்லை. மக்காவில், மூட்டுவலியோடு ஜபலுந் நூர் மலையிலும் ஏறி, ஹிராக் குகையைக் கண்டு திரும்பினார். நபிகளாருக்கு உணவு கொண்டு அன்னை கதீஜா அவர்கள் ஏறிய மலை அல்லவா அது! திரும்பி வந்தபோது, "எப்படி ஏறினீர்கள்?" என்று கேட்டேன். "எனக்கு மூச்சு வாங்கினால் அவர்கள் மூவரும் நின்றார்கள், அவர்களுக்கு வாங்கினால் நான் நின்றேன். துணை என்பது அவ்வளவுதான்" என்றார். துணை என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிந்த உரையை நான் எந்த நிகண்டிலும் கண்டதில்லை.

பனிமலை ஏறிய பாவையர்

இனி, நம் காலத்துக்கு வருவோம். உலகின் உயர்ந்த சிகரமாகிய எவரெஸ்ட்டின் உயரம் 8,848.86 மீட்டர். அதன் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கே. 1975 மே 16 அன்று அங்கு முதன்முதற் கால்பதித்த பெண், ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தாபேய். குழந்தையை வளர்க்க வேண்டியவர்களுக்கு மலை எதற்கு என்று ஏளனம் கேட்டவர். பனிச்சரிவில் புதையுண்டு மீட்கப்பட்டுப் பன்னிரண்டே நாளில் உச்சியை அடைந்தவர். 1984 மே 23 அன்று பச்சேந்திரி பால் இந்தியப் பெண்களுள் முதல்வராக அதன்மீது ஏறினார்.

பாகிஸ்தானின் ஷிம்ஷால் மலைச் சிற்றூரிற் பிறந்த ஸமீனா பேக் 2013 மே 19 அன்று எவரெஸ்ட்டை அடைந்தார். உடன் சென்ற அவருடைய அண்ணன் மிர்ஸா அலி, உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்றுகொண்டார். தங்கை தன் ஆற்றலாலேயே உச்சியை அடைந்தாள் என்பதை உலகம் அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம். வழிகாட்டி அழைத்துச் சென்று, உரிய இடத்தில் விலகி நின்ற அந்தச் சகோதரன் நம் இளைஞர்க்கெல்லாம் நல்லதோர் எடுத்துக்காட்டு. அதே நாளில் உச்சி அடைந்த இந்திய இரட்டைச் சகோதரியர் தாஷி மாலிக்கும் நுங்ஷி மாலிக்கும் அவருடன் சேர்ந்து இரு நாட்டுக் கொடிகளையும் அருகருகே பிடித்து நின்றனர்.

பச்சேந்திரி பால் ஏறிய அதே மே 23-ஆம் நாளில், 2023-இல், தமிழ்நாட்டின் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். அவ்வுச்சியைத் தொட்ட முதல் தமிழகப் பெண் அவர். விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியிற் பிறந்து, நம் தாம்பரத்தை அடுத்த புறநகரில் வாழ்ந்தவர். ஜப்பானிய மொழி கற்பித்தவர். இரு பெண் குழந்தைகளின் தாய். இமயத்துக்குச் செல்லுமுன், மலைப்பட்டு மலையில் கண்களைக் கட்டிக்கொண்டு 155 அடி உயரத்திலிருந்து கயிற்றின் வழியே இறங்கிக் காட்டியவர். எட்டாயிரம் மீட்டர் ஏறும் பயிற்சி நம் பகுதிக் குன்றொன்றில் தொடங்கக்கூடும் என்பதற்கு அவரே சான்று.

தனிமையும் துணையும்

தனியே செல்லுதல் என்பது யாருமற்றுச் செல்லுதல் என்று பொருள்படாது. செல்வதா, நிற்பதா, திரும்புவதா என்னும் முடிவைத் தானே எடுக்கும் தகுதியையே அது குறிக்கும். நேபாளத்தில் நடைப்பயணம் செல்லும் பெண்ணுக்கு வழியெங்கும் விடுதிகள் உண்டு. அவற்றுட் பலவற்றை நடத்துவோர் பெண்கள். 'தீதி' என்று, அதாவது 'அக்கா' என்று அழைத்தால் உணவும் உறைவிடமும் கிடைக்கும். ஆண் வழிகாட்டிகளாற் சில பெண் பயணிகள் தொல்லையுற்றதைக் கேட்டறிந்த பொக்காரா நகரத்துச் சகோதரியர் மூவர், 1990-களில் பெண்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கத் தொடங்கினர். பெண்களைப் போகாதே என்று தடுக்காமல், வழியைச் செப்பனிட்ட செயல் அது. 2023 ஏப்ரல் முதல், வெளிநாட்டு நடைப்பயணியர் வழிகாட்டியுடன் செல்ல வேண்டும் என்று நேபாளம் விதி வகுத்தது. அவ்விதி ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் பொது. மலைக்கு முன் இரு பாலரும் ஒரு நிகர்.

மலை, துணிவை மட்டும் கண்டு வழிவிடுவதில்லை. 2,500 மீட்டருக்கு மேலே உயர நோய் தாக்கக்கூடும். 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பர். தலைவலியும் குமட்டலும் தோன்றினால் மேலே ஏறலாகாது. முற்றினால் உடனே கீழிறங்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயிற் சிக்கி 23 பேர் உயிரிழந்ததை மறக்கவியலுமா? மகளிர் நாளையொட்டி மலையேறச் சென்ற சென்னைப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். அத்துயரத்தைக் காட்டிப் பெண்களை வீட்டில் அடைப்பது அறிவுடைமை ஆகாது. பருவம் அறிந்து, வனத்துறை இசைவு பெற்று, பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் செல்வதே அது புகட்டும் பாடம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைவழிகளைத் தேர்ந்து, வழிகாட்டியுடன் செல்லும் திட்டத்தைத் தொடங்கியது இத்திசையில் ஒரு நற்படி.

மாணவியின் தந்தையாரிடம் நான் கூறியதும் இதுவே: "பயிற்சி துணை வரும், கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் தோழியர் துணை வருவர், உங்கள் நம்பிக்கையும் துணை வரும்." அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்பு கையெழுத்திட்டார். இருபத்தெட்டு நாள் பயிற்சியை முடித்து, முகம் கறுத்து, உதடு வெடித்துத் திரும்பிய அம்மாணவி, இப்போது தன் தெருச் சிறுமியரை விடுமுறை நாளில் பல்லாவரத்து மலைக்கு அழைத்துச் செல்கிறாள்.

பெண்மக்களுக்கு நான் வேண்டிக்கொள்வது, உடலை உறுதி செய்யுங்கள், கற்றுக்கொண்டு செல்லுங்கள் என்பதே. பெற்றோருக்கு வேண்டிக்கொள்வது, தடுப்பதற்குச் செலவிடும் முயற்சியை ஆயத்தம் செய்வதற்குச் செலவிடுங்கள் என்பது. ஆனால் பெரும் பொறுப்பு நம் ஆண்மக்களைச் சார்ந்தது. பேருந்து நிலையத்திலும் தொடர்வண்டிப் பெட்டியிலும் தனித்து நிற்கும் பெண்ணின்மீது விழும் பார்வை நேர்மையானதாயின், மலைவழி தானே எளிதாகும். நிலத்தின் நன்மையை அளக்க ஒளவை தந்த அளவுகோலும், நாட்டின் அமைதியை அளக்க நபிகளார் தந்த அளவுகோலும் இன்னும் நம் முன் இருக்கின்றன. அவற்றுக்கு ஒத்த நிலமாக நம் தெருக்களை ஆக்குவது, ஊரில் இருப்போராகிய நம் கடமை.