பேச மறுத்த பெட்டி

எங்கள் வீடு திருச்சி கே.கே. நகரில் இருக்கிறது. கலைஞர் கருணாநிதி நகர் என்பது முழுப்பெயர். ஆனால் பேருந்து நடத்துனர் முதல் உழவர் சந்தைக் கீரைக்காரம்மா வரை எல்லோருக்கும் அது கே.கே. நகர்தான். விமான நிலையம் அருகில் இருப்பதால் எங்கள் பகுதியில் ஓசைக்குப் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட இடத்தில், ஒரே ஓர் ஓசைக்காக நாங்கள் 19 நாட்கள் தவம் கிடந்தோம் என்றால் நம்புவீர்களா, தோழியரே?

நாங்கள் என்றால் அக்காளும் தங்கையும். ஒருத்தி பத்தாம் வகுப்பு, மற்றவள் எட்டாம் வகுப்பு. இருவரும் சேர்ந்து செய்த வேலையாதலால் 'நான்' என்று எழுத மனம் வரவில்லை. (எழுதுபவள் மூத்தவள். எழுத்துப் பிழைகளுக்கு மட்டும் அவளே பொறுப்பு.)

எங்கள் அப்பாயி 31 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவர்கள். எங்கள் கட்டுரை நோட்டுகள் பள்ளிக்கு வருமுன் அப்பாயியின் சிவப்பு மைக்குத் தப்பியதில்லை. அவர்களுக்குக் கண் நீர் அழுத்த நோய் வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகக் கெடுக்கும் நோய் அது. போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாங்கள் முறை வைத்துக்கொண்டு நாளிதழ் படித்துக் காட்டினோம். நான்கு நாட்கள் கேட்டார்கள். ஐந்தாம் நாள், "போதும் கண்ணுகளா, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் நேரத்தை நான் தின்னக்கூடாது" என்று சொல்லி, வானொலியைத் திருப்பிவிட்டார்கள். 1939 முதல் திருச்சியில் வானொலி நிலையம் இருக்கிறது. அப்பாயிக்கு அதன் நிகழ்ச்சி நேரமெல்லாம் மனப்பாடம். ஆனால் வானொலியில் நாம் கேட்கும் பக்கத்தை நாம் கேட்கும்போது வாசிக்கமாட்டார்களே!

எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள்கள் உண்டென்று பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மாமா சொன்னார். வீட்டிலோ 2013-இல் உதிரி உறுப்புகள் வாங்கிக் கடையில் பூட்டிய கணினி ஒன்று இருந்தது. பணத்தை மிச்சம் பிடிக்க அப்பா அதற்கு முந்தைய கணினியின் கூட்டையே கொடுத்துவிட்டிருந்தார். (இந்தக் கூடு பின்னால் வரும், நினைவில் வையுங்கள்.) அதில் இருந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாமென்றால், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. எங்கள் தாய்ப்பலகையில் அது இல்லை. புதுக் கணினிக்கு அப்பாவிடம் பணம் இல்லை. "பழைய சாமான் கடையில் போட்டுவிடலாம்" என்றார்.

மாமாதான் லினக்ஸ் போடச் சொன்னார். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது பிளஸ் டூ படித்தவர் அவர். அந்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததாம். அது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. டெபியன் என்பதிலிருந்து கிளைத்தது. லினக்ஸின் கருவை 1991-இல் எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர். 1993-இல் டெபியனைத் தொடங்கிய இயான் மர்டாக்கும் மாணவரே. பின்னாளில் தம் மனைவியான டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அப்பெயரை வைத்தாராம். இந்தச் செய்தி தங்கைக்கு மிகவும் பிடித்துவிட்டது.

மாமா கொடுத்துவிட்டுப் போன பென் டிரைவிலிருந்து ஒரு சனிக்கிழமை டெபியனை நிறுவினோம். திரை வந்தது, சுட்டி நகர்ந்தது. திரையை வாசிக்கும் ஆர்க்கா என்ற மென்பொருளும், பேசும் ஈ-ஸ்பீக் என்ற மென்பொருளும் தயார். நாங்கள் அவசரக்காரிகள். சோதித்துப் பார்க்காமலே அப்பாயியை அழைத்தோம். அவர்கள் முகம் கழுவி, நல்ல புடவை ஒன்றை உடுத்திக்கொண்டு வந்து நாற்காலியில் அமர்ந்தார்கள். பள்ளிக்குப் புறப்படுவது போல இருந்தது. நாங்கள் பொத்தானை அழுத்தினோம்.

ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி அழுத்தினோம். ஒலிபெருக்கியைத் தட்டினோம். தலைக்கு மேல் ஒரு விமானம் போயிற்று, அவ்வளவுதான். கால் மணி நேரம் பொறுத்திருந்துவிட்டு, "இன்னொரு நாள் பார்ப்போம்" என்று அப்பாயி சுவரைத் தடவிக்கொண்டு எழுந்து போனார்கள். கோபித்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. அரையாண்டுத் தேர்வு தொடங்கும் நாள்வரைதான் பெட்டிக்குத் தவணை என்று அப்பா அன்றிரவே சொல்லிவிட்டார்.

கணினி பூட்டிய கடைக்குப் போனோம். "விண்டோஸ் தவிர வேறெதற்கும் நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். தாய்ப்பலகையோடு வந்த குறுந்தகட்டிலும் விண்டோஸுக்கு உரியவை மட்டுமே இருந்தன. ஆகவே வீட்டுப்பாடம் முடித்த பின் தினமும் அரைமணி நேரம், மாமாவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு நாங்களே தேடினோம்.

முதலில் அமைப்புகளைப் பார்த்தோம். ஒலி வெளியேறும் வழி எச்.டி.எம்.ஐ. என்றிருந்தது. அதாவது, கணினி தன் குரலைத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் திரையிலோ ஒலிபெருக்கியே கிடையாது. மாற்றினோம். பேசவில்லை. அடுத்து, ஒலிச்சில்லு கண்ணில் படுகிறதா என்று கட்டளை கொடுத்துப் பார்த்தோம். ரியல்டெக் ஏ.எல்.சி. 887 என்று தன் பெயரைச் சரியாகச் சொல்லிற்று. ஆளும் இருக்கிறார், பெயரும் சொல்கிறார், வாயை மட்டும் திறக்கவில்லை. பிறகு அல்சாமிக்சர் என்ற பலகையைத் திறந்தோம். வரிசையாகத் தூண்கள் நின்றன. சிலவற்றின் அடியில் 'எம்.எம்.' என்றிருந்தால் வாய் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். 'எம்' விசையைத் தட்டி ஒவ்வொன்றாய் அவிழ்த்தோம். அப்போதும் இல்லை. இதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. எங்களுக்குள் சண்டையும் வந்தது. யார் தொடங்கியது என்பதை இங்கே எழுதவேண்டாமென்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

வழி காட்டியது தங்கையின் கண். அமைப்புப் பக்கத்தில் 'ஹெட்போன்' என்று ஒரு பெயர் எப்போதும் நின்றது. "நாம் ஹெட்போனே செருகவில்லையே, அது ஏன் இருக்கிறது?" என்றாள். மாமா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "கூட்டைத் திறந்து பாருங்கள், மின்சாரத்தை முதலில் பிடுங்கிவிட்டு" என்றார்.

திறந்தோம். பன்னிரண்டு வருடத் தூசியைக் கண்டு அம்மா போட்ட சத்தம்தான் அந்த வாரம் நாங்கள் கேட்ட பெரிய ஓசை. கூட்டின் முன்பக்கத் துளைகளிலிருந்து வந்த வயரின் நுனியில் இரண்டு தலைகள் இருந்தன. ஒன்றில் 'ஏ.சி. 97', மற்றதில் 'எச்.டி. ஆடியோ' என்று எழுதியிருந்தது. முதலாவது 1997-ஆம் ஆண்டு முறை, இரண்டாவது 2004-இல் இன்டெல் கொண்டு வந்தது. தாய்ப்பலகையின் ஊசிகளில் இரண்டுமே அழகாகப் பொருந்தும். ஆனால் துளையில் ஏதேனும் செருகியிருக்கிறதா என்பதைச் சொல்லும் விதம் இரண்டிலும் வேறு. பூட்டியவர்கள் பழைய தலையை மாட்டியிருந்தார்கள். அதனால் முன்துளை காலியாக இருக்கும்போதும் 'இங்கே ஹெட்போன் இருக்கிறது' என்று தாய்ப்பலகைக்குத் தவறான செய்தி போய்க்கொண்டிருந்தது. ஹெட்போன் இருந்தால் பின்பக்க ஒலிபெருக்கியைத் தானாகவே அடக்கிவிடுவது கணினியின் வழக்கம். பாவம், அது மரியாதையாக மௌனம் காத்திருக்கிறது!

அப்படியானால் விண்டோஸில் மட்டும் எப்படிப் பேசியது? முன்துளையின் பேச்சைக் கேட்காதே என்று ரியல்டெக் மென்பொருளில் ஒரு கட்டம் உண்டு. கடையில் யாரோ அதில் அடையாளமிட்டுச் சமாளித்திருக்க வேண்டும் என்றார் மாமா. விண்டோஸை அழித்தபோது அதையும் சேர்த்து அழித்துவிட்டோம். அல்சாமிக்சரிலும் 'ஆட்டோ மியூட்' என்பதை நிறுத்தினால் போதுமாம். நாங்கள் தலையையே மாற்றி மாட்டினோம்.

இம்முறை அப்பாயியை அழைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, சென்ற ஆண்டு எழுதிய 'மழைக்காலம்' கட்டுரையைத் தட்டச்சு செய்து வாசிக்க விட்டோம். ஈ-ஸ்பீக்கின் குரல் மனிதர் பேசிப் பதிந்ததன்று. கணக்கிட்டு உண்டாக்கிய இயந்திரக் குரல். மூக்கடைத்தவர் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போலிருந்தது. எங்களுக்கு அது குயிலோசையாயிற்று. கத்திவிட்டோம்.

திரும்பினால் அப்பாயி வாசற்படியில் நின்றிருந்தார்கள். எப்போது வந்தார்களோ தெரியாது. பேசாமல் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து ஒரு பத்தி முழுதும் கேட்டார்கள்.

"யார் இந்த ஆள்? ழகரம் வரவில்லை."

"இயந்திரம், அப்பாயி."

"சரி, அதை மன்னிப்போம். உங்களை மன்னிக்க முடியாது. மூன்றாவது வரியில் 'மழை காலம்' என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? க் எங்கே?"

பார்த்தோம். அவசரத்தில் விட்டுப்போயிருந்தது.

"முதலிலிருந்து வாசிக்கச் சொல்லு. கையில் பேனா எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும்" என்றார்கள்.