35 வெள்ளிக் குப்பி

கடந்த ஆண்டு தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. லிங்கியில் இருக்கும் அப்பாவின் பழைய புரோட்டோன் வீராவுக்கு எண்ணெய் மாற்றலாம் என்று சிரம்பானில் ஒரு பட்டறைக்கு ஓட்டிச் சென்றேன். அப்பாவுக்கு வேட்டி, சட்டை எடுத்துக் கொடுத்தால் பெட்டியில்தான் வைப்பார். காடிக்கு ஏதாவது செய்தால் முகம் மலரும். அதனால்தான் இந்த யோசனை.

பட்டறைப் பையன் என்ஜின் மூடியைத் திருகித் திறந்தான். மூடியின் அடியில் கறுப்புப் பசை அப்பியிருந்தது. "அக்கா, உள்ளே ரொம்ப அழுக்கு. இதை ஊத்தினா எல்லாம் கழுவிட்டு வந்துடும்" என்று ஒரு சிறிய குப்பியை எடுத்துக் காட்டினான். என்ஜின் ஃபிளஷ். விலை 35 வெள்ளி.

அப்பாவைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார், காசைக் கரியாக்காதே என்பார். ஆச்சரியமாகக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் சரி என்றுவிட்டேன்.

பழைய எண்ணெயிலேயே அந்தக் குப்பியை ஊற்றினான். கால் மணி நேரம் என்ஜினை ஓடவிட்டான். பிறகு அடியில் இருந்த திருகாணியைக் கழற்றினான். எண்ணெய் தார் கரைத்த தண்ணீர்போல் இறங்கியது. "பாத்தீங்களா அக்கா?" என்றான். எனக்கும் மனநிறைவாக இருந்தது. புதிய வடிகட்டி, புதிய எண்ணெய். காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ரந்தாவ் தாண்டி லிங்கி சாலையில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்தபோது முன்பலகையில் சிவப்பு விளக்கு மினுக்கியது. எண்ணெய்க் குவளைச் சின்னம். மிதித்தால் அணைந்தது, விட்டால் எரிந்தது. என்ஜினின் மேல்பகுதியிலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம் வேறு.

அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். முதலில் பால், பிறகு செம்பனைக் குலை. எனக்குக் காடி ஓட்டச் சொல்லிக் கொடுத்தபோது அவர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான். "மஞ்சள் விளக்கு எரிஞ்சா வீட்டுக்கு வந்து சொல்லு. செவப்பு எரிஞ்சா அங்கேயே நிறுத்து. ஒரு அடி ஓட்டாதே." செம்பனை மரங்களின் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

இழுவை லோரி காடியை லிங்கிக்கு அருகே ஒரு சீனத் தாவ்கேயின் பட்டறைக்குக் கொண்டுபோனது. தாவ்கே, அப்பாவின் பழைய சிநேகிதர். தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர், நம்மைப்போலவே தமிழ் பேசுவார். நடந்ததைச் சொன்னேன். "குப்பி ஊத்தினாங்களா?" என்று கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, அடித்தொட்டியைக் கழற்றினார்.

என்ஜின் எண்ணெய் அடியில் உள்ள தொட்டியில் நிற்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் எண்ணெயை உறிஞ்சி, பம்ப் வழியாக மேலே அனுப்புகிறது. அந்தக் குழாயின் வாயில் தேநீர் வடிகட்டிபோல் ஒரு கம்பி வலை. தாவ்கே அதை என்னிடம் காட்டினார். வலை தெரியவே இல்லை. கறுப்புத் துகள்கள் அடைத்துக்கொண்டிருந்தன. பக்கச் சுவர்களில் காலங்காலமாக ஒட்டியிருந்த பசையை அந்த மருந்து பெயர்த்துவிட்டது. பெயர்ந்ததில் ஒரு பங்குதான் பழைய எண்ணெயோடு வெளியேறியது. மீதி, புதிய எண்ணெயில் மிதந்து வலையில் போய் உட்கார்ந்தது. இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் எண்ணெய் ஏறாமல் என்ஜினே பிடித்துக்கொண்டிருக்கும் என்றார்.

என் கேள்வி வேறு. இந்தப் பசை எப்படி வந்தது? காடியைக் குழந்தைபோல் பார்ப்பவராயிற்றே அப்பா!

"கடைசியா எப்ப மாத்தினே?" என்று தாவ்கே கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவ போனதுக்கப்புறம் மாத்தலை" என்றார்.

அம்மா இறந்து அப்போது இரண்டரை ஆண்டு. எங்கள் சமையலறையில் ஒரு குதிரை நாள்காட்டி தொங்கும். எரிவாயுத் தோம்பு வாங்கிய நாள், என் சம்பள நாள், அப்பாவின் மருந்து நாள் எல்லாம் அதில் அம்மாவின் கையெழுத்தில் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 'மினியாக்' என்று எழுதி வட்டமிட்டிருப்பார். மினியாக் ஹீத்தாம் மாற்றும் நாள். அப்பா காடியைப் பார்த்துக்கொண்டார், அம்மா நாளைப் பார்த்துக்கொண்டார். அது எனக்கு அன்றுதான் புரிந்தது.

"அதிகமா ஓட்டலையேம்மா. கடைக்கும் கோயிலுக்கும்தானே. கிலோமீட்டரே ஏறலை" என்றார் அப்பா.

அங்கேதான் கோளாறு. இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் என்ஜின் முழுதாகச் சூடேறுவதில்லை. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. நாள்பட நாள்பட எண்ணெய் கெட்டுப் பசையாகிறது. கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் குறித்த மாதத்தில் எண்ணெய் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். நீண்ட தூரம் ஓடும் காடியைவிட, வீட்டைச் சுற்றியே ஓடும் காடிக்குத்தான் எண்ணெய் சீக்கிரம் கெடும்.

அதன் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நல்ல எண்ணெயில் அழுக்கை அகற்றும் பொருளும், அகற்றியதை மிதக்க வைக்கும் பொருளும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. எண்ணெய் கறுத்துப் போவது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். காலத்தில் மாற்றிவரும் என்ஜினுக்குக் கழுவும் மருந்து தேவைப்படாது. மாற்றாமல் விட்ட என்ஜினுக்கோ அது ஆபத்தாக முடியலாம். பழைய ரப்பர் வளையங்களில் பசை அடைத்திருந்த இடம் திறந்து, கசிவு தொடங்குவதும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் வாகனக் கையேடுகளில் என்ஜின் கழுவலைப் பரிந்துரைப்பதில்லை என்றும், அதனால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொல்கிறது. எல்லாக் குப்பியும் விஷம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் காடியின் கையேட்டில் இல்லாததைப் பட்டறையில் நீட்டினால், ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்.

தாவ்கே வலையையும் தொட்டியையும் மண்ணெண்ணெயில் கையால் கழுவி, பசை போட்டு மூட்டினார். 280 வெள்ளி ஆனது. "விலை குறைந்த எண்ணெய் போதும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வா, மறுபடி மாத்துவோம். மெதுவாத்தான் சுத்தமாகும். அவசரப்படாதே" என்றார். அதன்படி இரண்டு தடவை மாற்றிவிட்டோம். இரண்டாம் முறை இறங்கிய எண்ணெய் கறுப்புதான், ஆனால் கட்டி இல்லை. சிவப்பு விளக்கும் எரியவில்லை.

நான் வானொலி அறிவிப்பாளர். பேசுவதுதான் என் பிழைப்பு. நேயர்களிடம் நலம் விசாரித்து மறுவார்த்தை வாங்கத் தெரிந்த எனக்கு, ஞாயிறுதோறும் அப்பாவிடம் "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டு, "நல்லா இருக்கு" என்ற பதிலோடு தொலைபேசியை வைக்கத்தான் தெரிந்திருந்தது. இரண்டரை ஆண்டு அப்படியே ஓடிவிட்டது.

இப்போது கேள்வியை மாற்றிக்கொண்டேன். மருந்து எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது? காடி கடைசியாக எங்கே போனது? இப்படிக் கேட்டால் அவரும் பேசுகிறார், சில நாள் அம்மாவைப் பற்றியும். மாதத்தில் ஒரு ஞாயிறு வீராவை அவரையே ஓட்டச் சொல்லி, போர்ட்டிக்சன் கடற்கரை வரை போய்வருகிறோம். என்ஜினும் சூடேறட்டும், அவரும் வெளியே வரட்டும்.

இவ்வாண்டு குதிரை நாள்காட்டியை நான்தான் மாட்டினேன். 'மினியாக்' என்று எழுதி வட்டமும் போட்டேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஆறு மாசம்னா அடுத்தது இந்தத் தேதி இல்லை, அதுக்கு முந்தின வாரம்" என்று பேனாவை வாங்கித் திருத்தினார்.