பெர்ன்: கல் வளைவுகளுக்கு அடியில் ஒரு நாள்

சூரிக்கிலிருந்து ரயில் ஒரு மணி நேரத்துக்குள் பெர்னில் இறக்கிவிட்டது. “ரெண்டு மணித்தியாலத்தில பாத்து முடிச்சிடலாம் தம்பி” என்று சூரிக்கில் பழக்கமான யாழ்ப்பாணத்து அண்ணர் சொல்லியிருந்தார். தூரத்தைக் கணக்கிட்டால் அது சரிதான். ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரம் முடியும் நீடெக் பாலம் வரை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். ஆனால் பத்தடிக்கு ஒருமுறை நிற்கவைக்கும் ஊர் இது.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது; குடையை விரிக்கத் தேவைப்படவில்லை. தெருவின் இருபுறமும் வீடுகளின் கீழ்த்தளத்தைக் குடைந்ததுபோல வளைவு வளைவாக நடைபாதை. மொத்தம் 6 கிலோமீட்டர் நீளமாம். 1191-ல் உருவான ஊர், 1405 தீ விபத்தில் மரவீடுகள் எரிந்தபின் மணற்கல்லில் எழுந்தது. தூண் ஒன்றைத் தடவினேன். சாம்பலில் லேசாகப் பச்சை கலந்த நிறம். விரலில் மணல் ஒட்டியது. பழுதான இடத்தில் புதுக் கல்லை அளவாக வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள், நிற வித்தியாசத்தில் அது தெரிகிறது. நடைபாதை ஓரத்தில் சாய்வான கதவுகள். ஒன்று திறந்திருந்தது, படியிறங்கிப் போனால் நிலவறையில் ஒரு கடை!

சைட்குளோகே கடிகாரக் கோபுரத்தின் முன்னால் கூட்டம். சரியாக மணி அடிக்கும்போது வந்தால் போதும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். சில நிமிடங்கள் முன்பே சேவல் கூவி, கோமாளி மணியடித்து, கரடி ஊர்வலம் சுற்றிவந்துவிடுகிறது. காஸ்பர் புருன்னர் 1530-ல் செய்த இயந்திரம் இன்றும் ஓடுகிறது. எல்லோரும் கைபேசியை உயர்த்திப் படமெடுத்துவிட்டுக் கலைந்தார்கள். நான் கோபுரத்தின் அடிவாசலுக்குள் நுழைந்தேன். சுவரில் பழைய முழக்கோலுக்கும் மீட்டருக்கும் அளவு பதித்திருக்கிறது. துணி வாங்கியவர் வியாபாரியின் கோல் சரிதானா என்று இங்கே வந்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். பொம்மைகளைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

பக்கத்தில் கோர்ன்ஹவுஸ் சதுக்கத்தில் குழந்தை தின்னும் அரக்கன் நீரூற்று, 16-ஆம் நூற்றாண்டுச் சிற்பம். அவன் யார் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் கண்டது இதுதான்: வாய்க்குள் பாதி போன குழந்தை, தோளில் தொங்கும் பையில் இன்னும் சில. தூணின் அடியைச் சுற்றி ஆயுதம் ஏந்திய கரடிகள் ஊர்வலம் போகின்றன. அவற்றை யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஒரு காபி 5 பிராங்க், நம் பணத்தில் 500 ரூபாய்க்கு மேல். தண்ணீரைத் தெருவோர ஊற்றுகளில் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம், காசில்லை.

கிராம்காஸே 49-ஆம் எண் வீட்டில் 1903 முதல் 1905 வரை ஐன்ஸ்டீன் குடியிருந்தார். குறுகலான மாடிப்படி ஏறிச் சின்ன அறைகளைப் பார்த்துவிட்டு முன்ஸ்டர் தேவாலயத்துக்கு நடந்தேன். 1421-ல் தொடங்கிய கட்டடம். 100 மீட்டரைத் தாண்டிய கோபுரம் 1893-ல்தான் முடிந்திருக்கிறது. வாசலில் இறுதித் தீர்ப்பு நாள் 200-க்கும் மேற்பட்ட உருவங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பெரிய சிலைகள் நகல்கள், மூலங்கள் அருங்காட்சியகத்தில். மேலே நெருக்கியடித்து நிற்கும் சின்ன உருவங்களோ அந்தக் காலத்தவையே. நரகத்துப் பக்கம் போகிறவர்களில் கிரீடம் வைத்தவர்களும் இருக்கிறார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். கோபுரத்தில் 300-க்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் ஆரே ஆறு ஊரை மூன்று பக்கமும் வளைத்துப் போவது தெரிகிறது. நீடெக் பாலத்துக்கு அப்பால் ஆற்றுச் சரிவில் கரடிப் பூங்கா, கட்டணமில்லை.

மாலையில் டிராம் பிடித்து யூரோப்பாபிளாட்ஸ் போனேன். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அருகே, 2014 டிசம்பரில் திறந்த ‘மதங்களின் இல்லம்’. மசூதி, தேவாலயம், புத்த, அலெவி வழிபாட்டிடங்களோடு நம் சிவன் கோயிலும் அதே கூரையின் கீழ். சைவநெறிக் கூடம் என்ற அமைப்பு நடத்தும் ஞானலிங்கேச்சுரம் அது. கதவைத் தள்ளியதும் கற்பூர வாசம். “இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ பிள்ளை” என்றார் ஓர் அம்மா. பூசை முழுக்கத் தமிழில் நடக்கிறது; இங்கே பெண்களும் பூசை செய்கிறார்கள். தமிழ்நாட்டில் நான் கும்பிட்ட பெரிய சிவன் கோயில் எதிலும் கருவறைக்குள் ஒரு பெண் நின்று பூசை செய்து பார்த்ததில்லை.