வெள்ளிக்கிழமை இரண்டு வரிசை

என் அக்கா பேத்தி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், கன்னியாஸ்திரிகள் நடத்துகிற அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி. நானும் அங்கேதான் படித்தேன். அவளுடைய அம்மா ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிப்ட் மாறுகிற வாரங்களில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் வேலை. போன மாதம் வண்டியில் வரும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"சின்ன தாத்தா, வெள்ளிக்கிழமை நான் எந்த லைன்ல நிக்கணும்?"

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அந்தப் பள்ளியில் பிள்ளைகளை இரண்டாகப் பிரிப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு சிஸ்டரோடு போவார்கள். மற்றவர்கள் வகுப்பிலேயே உட்கார்ந்து நன்னெறி படிப்பார்கள். என் காலத்தில் இதற்கு ஞானோபதேசம் என்று பெயர், உபதேசியார் வந்து நடத்துவார். பெயர்தான் மாறியிருக்கிறது, வரிசை மாறவில்லை. டீச்சர் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறார். பதிவேட்டில் எங்கள் பிள்ளை இந்து ஆதிதிராவிடர். அதனால் நன்னெறி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிற பிள்ளை அவள் என்று சிஸ்டருக்குத் தெரியும். கோயிலில் அவளுக்கு ஒரு புனிதையின் பெயர். சிஸ்டர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். இரண்டு பெயரும் இரண்டு பக்கத்திலிருந்து வரும்போது, எட்டு வயதுப் பிள்ளை நடுவில் நின்றுவிடுகிறது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. லாரிக்கு வழிவிடுவதுபோல வண்டியை ஓரமாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பதுக்கும் குறைவான பிள்ளைகள். பாதிக்குமேல் எங்கள் காலனிப் பிள்ளைகள். ஊர்த்தெருப் பிள்ளைகள் மஞ்சள் வேனில் மெட்ரிகுலேஷனுக்குப் போய்ப் பல வருஷமாகிறது. அவர்கள் விட்ட இடத்தில் இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா சிப்காட்டில் கட்டட வேலை, அம்மா கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலை. தமிழ் தெரியாமல் ஜூனில் வருகிற பிள்ளை தீபாவளிக்குள் எங்கள் பிள்ளைகளிடமிருந்து எல்லாக் கெட்ட வார்த்தையும் கற்றுக்கொண்டுவிடும், பிறகுதான் பாடப்புத்தகத் தமிழ் வரும். அந்த டீச்சரின் பொறுமைக்கு அரசாங்கம் தனியாக ஒரு சம்பளம் கொடுக்கலாம்.

திங்கள் முதல் வியாழன் வரை அந்த வகுப்பில் நடப்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போன படிப்பைச் சரிசெய்ய 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இங்கேயும் உண்டு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து, அவரவர் நிலைக்குத் தகுந்த பயிற்சி. பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று வகுப்பே சத்தமாக இருக்கும். யார் எதில் தேறினார்கள் என்று டீச்சர் செல்போனில் மதிப்பீடு போட்டுக்கொண்டே இருக்கிறார் (அந்தச் செயலி சுற்றிக்கொண்டே நிற்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்). அரும்பில் இருந்த பிள்ளை உழைத்தால் மொட்டுக்குப் போகலாம். எங்கள் பிள்ளை வருஷ ஆரம்பத்தில் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல் மொட்டில் இருந்தாள், இப்போது மலர். அதைச் சொல்லும்போது கன்னம் உப்பும்.

காலைச் சாப்பாடும் வந்துவிட்டது. ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை 2024 ஜூலை 15 அன்று விரிவாக்கினார்கள். திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், எங்களுடையதைப் போன்ற ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில்தான், புனித அன்னாள் பள்ளியில், முதலமைச்சர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுத் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளிகளுக்கு முந்தின வருஷமே வந்துவிட்டது. உதவி பெறும் பள்ளியில் படிப்பதும் அதே ஏழைப் பிள்ளைதான் என்று புரிய ஒரு வருஷம் ஆனது. விடியற்காலை ஐந்து மணி கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற அம்மாவுக்கு அந்தக் கிச்சடியின் அருமை தெரியும்.

இத்தனையும் நடக்கிற அதே வகுப்பில்தான் வெள்ளிக்கிழமையும் வருகிறது.

1979-ல் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க என் அப்பா கூட்டிப்போனார். அப்பா கோயிலில் மணி அடிப்பவர், தவக்காலத்தில் விடிய விடியப் பாடுபவர். பெரிய வாத்தியார் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாராம்: "கிறிஸ்டியன்னு போட்டா பையனுக்கு நாளைக்கு ஒண்ணும் கிடைக்காது. நல்லா யோசிச்சு சொல்லு." அப்பா வெளியே வந்து புங்கமரத்தடியில் ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம் யோசித்தார். உள்ளே போய், எங்கள் தாத்தாவுக்கு இருந்த குலசாமி பெயரை எனக்குச் சொன்னார். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது வைத்த ஞானஸ்நானப் பெயர் கோயில் நோட்டிலேயே தங்கிவிட்டது. பெரிய வாத்தியாரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் முதல் அரசாங்க வேலைகள் அந்தப் பேனாவால் வந்தவை.

குறை 1950 ஆகஸ்ட் 10-ல் இருக்கிறது. அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதத்தில் இல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். மாநில அரசின் கல்வி உதவித்தொகை சில கிடைக்கும். தனித்தொகுதியில் நிற்க முடியாது, தனி ஊராட்சியில் தலைவராக முடியாது. ஊர்த்தெருவில் ஒருவன் சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வராது. அடிக்கிறவன் மட்டும் ஞானஸ்நான நோட்டைப் பார்த்து அடிப்பதில்லை.

எங்கள் முன்னோர் வேதத்துக்கு வந்ததும் இதே செங்கல்பட்டுச் சீமையில்தான். பறையர்களின் நிலைபற்றி இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892-ல் வந்த பஞ்சமி நில ஆணையும் இந்த மண்ணைப் பார்த்து எழுதியவை. நிலம் கேட்டும் பள்ளிக்கூடம் கேட்டும் மிஷன் வாசலில் நின்ற தலைமுறை அது. ஊர்ப் பள்ளித் திண்ணையில் ஏறவிடாத பிள்ளைக்குச் சிலேட்டுக் கொடுத்த இடத்தை நான் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்காகத் திருச்சபைக்குச் சலாம் போடவும் மாட்டேன். 2008-ல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதற்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது. நல்லது. ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் பள்ளிகளில் எத்தனை தலித் ஆசிரியர், எத்தனை தலித் தலைமையாசிரியர் என்ற கணக்கை வாசலில் எழுதி ஒட்டினால் மீதியைப் பேசலாம்.

அந்த வரிசையில் இன்னொன்றும் கவனித்தேன். ஜார்க்கண்டிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் கத்தோலிக்க ஆதிவாசிகள். வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் துள்ளிக்கொண்டு மறைக்கல்விக்கு ஓடுகிறார்கள். பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது. ஊருக்குத் திரும்பினால் அவர்கள் சான்றிதழ் அப்படியே இருக்கும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஜெபம் சொல்கிற இரண்டு பிள்ளைகளில் ஒன்று அந்த ஜெபத்தால் எதையும் இழக்காது, இன்னொன்று எல்லாவற்றையும் இழக்கும்.

பயம் இப்போது கூடியிருக்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அரசு வேலைக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார். கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு நடந்த ஞானஸ்நானத்தின் பதிவு அவருக்கு எதிரான சாட்சியமானது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று நீதிபதிகள் எழுதினார்கள். மூன்றாவது பத்தியை நீக்கலாம் என்று 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சொன்னதும், அதே கேள்விக்காக 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைத்ததும் எங்கள் காலனியில் யாருக்கும் தெரியாது. இந்தத் தீர்ப்பு மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரே நாளில் வந்து சேர்ந்தது. புதுநன்மை எடுத்த பிள்ளைகளின் போட்டோவைப் பங்கு குரூப்பில் போட வேண்டாம் என்று அக்கா மகள் சிஸ்டரிடம் கேட்டாள். சிஸ்டர் முகம் வாடிவிட்டது. "சாமிய ஒளிச்சு வைக்கிறீங்களேம்மா" என்றாராம். ஷிப்ட் முடிந்து வந்து படியில் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது அவள் அழுதாள்.

இந்த இடத்தில் நான் செய்த கெட்டிக்காரத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசியல் சட்டம் 28-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு எனக்கு மனப்பாடம்: அரசு உதவி பெறும் கல்வி நிலையத்தில் மத போதனையில் கலந்துகொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, சிறுவர் என்றால் காப்பாளரின் சம்மதம் வேண்டும். பள்ளிக்குப் போய் சிஸ்டரிடமும் டீச்சரிடமும் இதைச் சொன்னேன். பதிவேட்டைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், பெற்றோரைக் கேளுங்கள் என்றேன். சண்டைக்குத் தயாராகப் போனவனுக்கு டீ வந்தது. "நீங்க சொல்றது சரிதாங்கண்ணா" என்ற சிஸ்டர், அடுத்த வாரமே ஒரு தாள் அச்சடித்து எல்லாப் பிள்ளைகள் கையிலும் கொடுத்துவிட்டார். 'என் மகன்/மகள் மறைக்கல்வியில் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்.' கீழே பெற்றோர் கையொப்பம், தேதி.

அக்கா மகள் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள்.

"மாமா, இதுல நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு இத எவனாவது தாசில்தார்ட்ட காட்ட மாட்டானா?"

காட்டுவான். முப்பது வருஷம் மனு எழுதிப் பழகிய எனக்கு இது ஏன் முன்னமே தோன்றவில்லை? உரிமை வேண்டும் என்று கேட்டேன், அது அவளுக்கு எதிரான ஒரு ஆவணமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போடு என்றும் சொல்லவில்லை.

மறுநாள் டீச்சரிடம் பேசினேன். அந்தப் பீரியடைப் பள்ளி நேரத்திலிருந்து எடுத்துவிட்டு, ஞாயிறு பூசைக்குப் பின் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமைல பாதிப் பேருக்கு ஓவர்டைம்ணா, பிள்ளைய யார் கொண்டாந்து விடுவா?" என்றார். அதுவும் சரிதான். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

தாள் இன்னும் டிவி பெட்டிக்கு அடியில் மடித்தபடி இருக்கிறது. அவளுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். போன வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் வயிற்றுவலி என்று சொல்லி எங்கள் பிள்ளை அலுவலக அறை பெஞ்சில் படுத்துக்கொண்டாளாம். நான் கூட்டிவரப் போனபோது எழுந்து உட்கார்ந்து, ஜார்க்கண்ட் பையனின் நோட்டை வாங்கி, அன்று மறைக்கல்வியில் எழுதிப்போட்ட ஜெபத்தைத் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் காப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் தமிழ் எழுத்தில் நாலைந்து பிழை இருந்தது. அதையும் திருத்தி எழுதியிருந்தாள்.