ஆறாம் வட்டு

துறை மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவர்கள், "ஐயா, இம்முறை இலக்கணம் வேண்டா, வீட்டில் தாங்கள் வைத்திருக்கும் பழைய கணிப்பொறிகளைப் பற்றி எழுதுங்கள்" என்றனர். தமிழாசிரியன் ஒருவன் திருகுளியும் பற்றவைக்கும் கோலுமாக அமர்ந்திருப்பது அவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கலாம். என் துணைவியாருக்கு அது வேடிக்கையன்று. "உங்களுக்கு இது வீடா, காயலான் கடையா?" என்று அவர் கேட்காத வாரமில்லை. பழைய பொருள் வாங்கி விற்ற காயல்பட்டினத்து வணிகராலேயே அக்கடைக்கு அப்பெயர் வந்ததென்பர். ஆகவே நம்மவர் மரபைத்தான் காக்கிறேன் என்று விடையிறுத்துத் தப்பித்துக்கொள்வேன். ஆயினும் இப்பொழுதுபோக்கு பொழுதைப் போக்குவதற்காகத் தொடங்கியதன்று. ஒரு பெரியவருக்குக் கொடுத்த வாக்கு அதன் அடியில் கிடக்கிறது.

2004ஆம் ஆண்டில் எம்.ஃபில். பட்டத்திற்காகக் கடற்கரை முஸ்லிம்களின் தொழிற்சொற்களை ஆய்ந்தேன். அதன்பொருட்டு எங்கள் ஊரில் தோணி செலுத்தி முதுமையுற்றிருந்த தண்டல் ஒருவரிடம் பல மாலைப் பொழுதுகள் அமர்ந்து சொற்களைக் கேட்டெழுதினேன். அவர் என் தந்தையாரின் நண்பர். சாச்சா என்றே அழைப்பேன். தோணியின் முன்புறம் அணியம், பின்புறம் அமரம், பாய் தாங்கும் குறுக்குக்கழி பருமல் என்று தொடங்கிக் காற்றுகளின் பெயர்வரை அவர் சொல்லிக்கொண்டே போவார். சுக்கானும் மாலுமியும் அரபுச் சொல்வழி வந்தவை என்று நான் என் படிப்பைக் காட்டினால், "அது உங்க புத்தகத்துல தம்பி, எனக்கு அது எங்க வாப்பா சொன்ன சொல்லு" என்பார். ஒருநாள், "நான் சொல்றதெல்லாம் புத்தகத்துல வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன்.

வரவில்லை. 412 சொற்களைப் பொருளோடும் அவர் கூற்றோடும் பின்னிணைப்பாக அமைத்திருந்தேன். பக்கம் மிகுகிறது, பின்னிணைப்பை நீக்கிவிடுக என்று எனக்குச் சொல்லப்பட்டது, நீக்கினேன். எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பட்டம் தாழ்ந்துவிடுமோ என்னும் அச்சம் வாயை அடைத்தது. கட்டுமானம் முடிந்த ஆய்வேட்டைச் சாச்சாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு எழுத்து மங்கலாகவே தெரியும். மகளை அழைத்து, "நம்ம காத்துப் பேரெல்லாம் எந்தப் பக்கத்துல இருக்கு, பாரும்மா" என்றார். அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தேநீரைப் பருகி முடித்து எழுந்துவிட்டேன். 2009இல் சாச்சா காலமானார். எம்.ஃபில். பட்டமும் 2022இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறையால் நிறுத்தப்பட்டது. பட்டமும், அதைத் தாங்கிய நெகிழ்வட்டும் ஒருசேரப் பழம்பொருளாகிவிட்டன என்று துறையில் நகைப்பதுண்டு.

என் கையெழுத்துக் குறிப்பேடுகளைக் கறையான் தின்றது. எஞ்சியவை, தட்டச்சு செய்தவர் எனக்குத் தந்த ஆறு நெகிழ்வட்டுகளே. முதல் ஐந்தில் ஆய்வேட்டின் இயல்கள், ஆறாவதில் பின்னிணைப்பு. 2023இல் அலமாரியைத் துப்புரவு செய்கையில் ஒரு பிஸ்கட் டப்பாவினுள் அவை அகப்பட்டன.

இன்றைய மாணவர்க்கு நெகிழ்வட்டென்பது கோப்பைச் சேமிக்கும் பொத்தானில் காணும் சிறு படம் மட்டுமே. ஆகவே அதனைச் சற்று விளக்குதல் தகும். மூன்றரை அங்குலச் சதுரமான நெகிழி உறையினுள் காந்தப் பூச்சுடைய மெல்லிய வட்டம் ஒன்று உண்டு. அது நிமிடத்திற்கு 300 முறை சுழலும். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் 80 வட்டத் தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 18 பகுதிகள். ஒரு பகுதிக்கு 512 எழுத்திடங்கள். பெருக்கிப் பார்த்தால் 14,74,560 வரும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே அது போதாது. எனக்கோ அதில் ஒரு மனிதரின் கடல் முழுவதும் அடங்கியிருந்தது. 1971இல் ஐ.பி.எம். நிறுவனம் எட்டங்குல வட்டாக வெளியிட்ட இச்சாதனத்தின் வழிவந்த மூன்றரை அங்குல வட்டை, சோனி நிறுவனம் 2011 மார்ச்சில் ஜப்பானில் விற்பதை நிறுத்தியது. வட்டைச் செலுத்தும் வாய் இல்லாத கணிப்பொறிகளே பின்னர்க் கடைகளுக்கு வந்தன.

சென்னை ரிச்சி தெருவில் யு.எஸ்.பி. வழி இணையும் ஓர் இயக்கியை வாங்கிவந்தேன். இங்கேதான் பிழை செய்தேன். ஆவல் மிகுதியால் முதலில் ஆறாம் வட்டையே உள்ளே செலுத்தினேன். கரகரவென்று ஓர் ஒலி. திரையில் படிக்க இயலவில்லை என்னும் செய்தி. மீண்டும் முயன்றேன், மீண்டும் அதே ஒலி. வெளியே எடுத்து உலோக மூடியை விலக்கிப் பார்த்தபோது உள்ளம் திடுக்குற்றது. கடற்கரை ஈரத்தில் வட்டின்மேல் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. படிக்கும் தலைப்பு அதனை உழுது, வட்டின் வெளிவிளிம்பில் கண்ணாடிபோல் ஒரு வளையத்தைச் சுரண்டிவிட்டிருந்தது. சுரண்டப்பட்ட காந்தப் பூச்சு திரும்பி வாராது. பத்தொன்பது ஆண்டுகள் பூஞ்சை செய்யாத கேட்டை என் கை இரண்டு நிமிடத்தில் செய்தது. பூஞ்சையுள்ள வட்டைத் துடைக்காமல் இயக்கியில் இடலாகாது என்பது இத்துறையினர் அனைவரும் அறிந்த முதற்பாடம். நான் அறிந்திருக்கவில்லை.

அன்றிரவே ஆறாம் வட்டை உறையிலிட்டு மூடினேன். தொழிலைக் கற்காமல் அதனைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டேன். பழைய பொருட்கடை ஒன்றில் விண்டோஸ் 98 இயங்கும் கணிப்பொறி கிடைத்தது. அதன் தாய்ப்பலகையிலிருந்த நாணய வடிவ மின்கலம் செத்திருந்ததால் ஒவ்வொரு முறையும் நாளையும் நேரத்தையும் மறந்துவிடும். மூன்று வோல்ட் மின்கலம் ஒன்றை மாற்றியதும் நினைவு திரும்பிற்று. மற்ற ஐந்து வட்டுகளின் உறையை விளிம்பில் மெல்லப் பிளந்து, உள்ளிருக்கும் வட்டத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்ந்த இழை உதிராத் துணியால் துடைத்து, உலர்த்தி, வேறோர் உறையிலிட்டுப் படித்தேன். ஐந்தும் பிழைத்தன.

படித்த கோப்புகளை இன்றைய மடிக்கணினிக்குக் கொண்டுசெல்வது அடுத்த தொல்லை. இக்கால விரல்நுனிச் சேமிப்பிகளை விண்டோஸ் 98 தனி இயக்குநிரல் இன்றி அறிந்துகொள்ளாது. ஆதலின் ஒரு வலையமைப்பு அட்டையை அதில் பொருத்தி, இரண்டையும் கம்பியால் இணைக்கலானேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று எட்டு இழைகளையும் நிரலாக அடுக்கி முனையிலிட்டு இடுக்க வேண்டும். என் பிள்ளைகள் வாய்பாடுபோல் இதனை மனனம் செய்துவிட்டனர். நான்தான் பார்த்து எழுதினேன். மூன்று நாள் இணைப்பு வரவில்லை. அட்டையைக் கழற்றினேன், நிரலை மாற்றினேன், கணிப்பொறியை வைதேன். கடைசியில் பார்த்தால் ஆறாம் இழை முனைவரை செல்லாமல் மயிரிழை பின்தங்கி நின்றது! அதனைச் சரிசெய்ததும் ஒரு பொறி அழைக்க மற்றொன்று மறுமொழி தந்தது. எஃப்.டி.பி. என்னும் பழைய முறையில் கோப்புகள் ஒவ்வொன்றாகக் கடந்து வந்தன.

வந்தவற்றைத் திறந்தேன். தமிழ் இல்லை. கொம்பும் குறியும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக நின்றன. காரணம் பலரும் அறிந்ததே. ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசும் எழுத்துருக் குறியீட்டுத் தரங்களை வகுத்தது. எனினும் தட்டச்சகங்கள் அவரவர் எழுத்துருவை அவரவர் முறையிலேயே ஆண்டன. ஒருவருக்கு ககரமாக இருக்கும் எண் மற்றொருவருக்கு மகரமாக இருக்கும். எனக்குத் தட்டச்சு செய்த நிலையம் மூடப்பட்டு நெடுநாளாயிற்று. அந்த எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை.

என் பாட்டியார் அரபுத் தமிழில் கடிதம் எழுதுவார். அரபி மட்டும் அறிந்தவர் அதனை ஓசைபடப் படிப்பார், பொருள் விளங்காது. தமிழ் மட்டும் அறிந்தவர் எழுத்தையே அறியார். இரண்டும் அறிந்தவர் வாய்விட்டுப் படித்தால் உள்ளிருக்கும் தமிழ் எழுந்து வரும். அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி எழுத்தமைத்த முன்னோர் அதற்கொரு முறைமையையும் விட்டுச் சென்றனர். என் கோப்புக்கு முறைமை எதனையும் யாரும் விட்டுச் செல்லவில்லை. ஆனால் ஒரு திறவுகோல் என்னிடமே இருந்தது. முதல் ஐந்து வட்டுகளில் உள்ள இயல்கள் அச்சாகிக் கட்டுமானம் பெற்ற ஆய்வேட்டில் உள்ளன அல்லவா? அச்சிட்ட பக்கத்தை இடப்புறமும் சிதைந்த பக்கத்தை வலப்புறமும் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, இன்ன எண் இன்ன எழுத்து என்று பட்டியல் வகுத்தேன். அப்பட்டியல் கொண்டு, அச்சேறாத பின்னிணைப்பையும் படித்துவிடலாம்.

இப்பணியில்தான் என் பழைய படிப்பு கைகொடுத்தது. அவ்வெழுத்துருக்கள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் எழுதுவன. கொம்பு முன்னும் மெய் பின்னும் நிற்கும். ஒருங்குறியோ ஒலிக்கும் வரிசையில் மெய்யை முன்னும் குறியைப் பின்னும் வைக்கும். அஃது எளிதில் மாற்றத்தக்கது. ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே வடிவாக, ஒரே எண்ணாக இருந்ததே பெருந்தொல்லை. அதில் புள்ளியும் தனியே நின்றதால், புதிய தோணியை முதலில் நீரிலிறக்கும் வெள்ளோட்டம், என் மாற்றுநிரலில் 'வௌ்ளோட்டம்' ஆயிற்று. ஓலைச்சுவடியில் புள்ளி இராது. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே வடிவு. இரட்டைக் கொம்பிட்டு நெடிலைப் பிரித்துக் காட்டிய பெருமை வீரமாமுனிவருக்கு உரியதென்பர். சுவடி பதிப்பித்தோர் இடம் நோக்கிப் பாடம் தெளிந்தது போலவே, "கொம்பு சார் மெய்யின்பின் நிற்கும் வடிவைத் தொடர்ந்து புள்ளியேனும் உயிர்க்குறியேனும் வரின் அது ளகரம்" என்று விதி ஒன்று வகுத்தேன். கணிப்பொறித் துறை இளவல் ஒருவர் அதனை நிரலாக்கித் தந்தார். "நூற்பா மாதிரி இருக்கிறது, ஐயா" என்றார். என் வாழ்நாளில் நான் இயற்றிய நூற்பா அதுவொன்றே.

திறவுகோல் அமைந்த பின்னரே ஆறாம் வட்டை மீண்டும் வெளியே எடுத்தேன். அதனையும் துடைத்து உலர்த்தினேன். பழைய கணிப்பொறியின் இயக்கியைக் கழற்றி, கிரீஸ்வீசல் என்னும் சிறு மின்பலகையோடு இணைத்தேன். ஆர்வலர்களுக்காகத் திறந்த முறையில் உருவாக்கப்பட்ட அப்பலகை, கோப்பு எது, பெயர் எது என்று ஆராய்வதில்லை; வட்டின்மேல் காந்தம் திசைமாறும் இடங்களை மட்டும் சுற்றுச் சுற்றாகப் பதிவு செய்யும். ஒரு சுற்றில் பிடிபடாத பகுதி மறுசுற்றில் பிடிபடக்கூடும்.

நான் சுரண்டிய வெளிவளையம் வட்டின் முதல் தடம். எக்கோப்பு எவ்விடத்தில் உள்ளது என்னும் அட்டவணை அங்கேதான் இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று உதவுமென அதனை இரண்டு படியாக எழுதுவர். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்தே எழுதிவைப்பர். வீட்டின் இரு சாவிகளையும் ஒரே பையில் வைப்பது போன்றது அது. இரண்டும் போயின. எனினும் அது பொருளடக்கம் கிழிந்த நூலே. பக்கங்கள் உள்ளே இருந்தன. புதிய வட்டில் ஒரே மூச்சில் எழுதப்பட்ட கோப்பாதலின், பகுதிகள் வரிசை குலையாமல் நின்றன. இறையருளால் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தேன். 17 பகுதிகள் எவ்வாற்றானும் படிக்க இயலாது போயின. அவற்றோடு 31 சொற்களின் விளக்கம் சிதைந்தது. 381 சொற்கள் முழுமையாகக் கிடைத்தன.

"கேட்டதை எழுதுக, திருத்தற்க" என்று அக்கோப்பின் தலைப்பில் 24 வயதில் எனக்கு நானே எழுதிவைத்திருந்தேன். சாச்சாவின் பேச்சு அப்படியே இருந்தது. நடு நடுவே அவர் இருமியதைக்கூட ஏனோ அடைப்புக்குறியில் குறித்திருக்கிறேன்.

அச்செடுத்து, சிதைந்த இடங்களில் பதிப்பாசிரியர் மரபுப்படி புள்ளியிட்டு, சாச்சாவின் வீட்டிற்குக் கொண்டுசென்றேன். அவர் மகளார் இப்போது பேரக்குழந்தைகளோடு இருக்கிறார். நான் முன்பு நடந்ததைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை, தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காற்றுப் பெயர்களைத் தேடினார். வாடை, கொண்டல், சோழகம் என்று வாய்விட்டுப் படித்தார். கச்சான் வந்தது. "கச்சான்: மேல்காற்று. இக்காற்று கடுமையாக வீசுங்கால் தண்டல்" என்பதோடு நின்று, அதன்பின் இரண்டு வரி வெறும் புள்ளி.

"இதுக்கு மேல காணோமே, தம்பி?"

"அழிந்துபோயிற்று, ராத்தா. என் கைப்பிழை."

"கச்சான் பலமா அடிச்சா வாப்பா தோணியைக் கட்டிப் போட்டுட்டு வீட்டோட இருப்பாக. எங்களுக்கு அன்னைக்குத்தான் பெருநாளு" என்றார். பிறகு, பேத்தியின் புத்தகப்பையிலிருந்து பென்சில் ஒன்றை எடுத்துவரச் சொல்லி, புள்ளிகளின்மேல் அதனை எழுதத் தொடங்கினார்.