சேரிக்குள் இங்கிலீஷ் இலக்கணம்

தமிழில் எம்.ஏ. படித்துவிட்டு சேரிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறாயே, இது என்ன அரசியல் என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்கிறவர்களின் பிள்ளைகள் காலையில் மெட்ரிகுலேஷன் பள்ளி வேனில் ஏறிப் போவதை நான் சொல்லிக்காட்டுவதில்லை. கேள்வி கேட்கப்பட வேண்டியதுதான். பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு தாய்மடி இல்லை. 'வந்துகினு', 'இஸ்துகினு' என்று ஒரு பிள்ளை வாய் தவறிச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். 'சேரித் தமிழ் பேசாதே' என்று வாத்தியாரும் சேர்ந்துகொள்வார். நம்ம பேச்சுக்கு இழிசனர் வழக்கு என்று பேர் வைத்த பண்டித மரபு இன்னும் சாகவில்லை. நம்மை ஊருக்கு வெளியே வைத்த மாதிரி இலக்கணத்துக்கும் வெளியே வைத்திருக்கிறார்கள். அப்படி வாயை மூடிக்கொண்ட பிள்ளையிடம் இன்னொரு மொழியின் விதிகளை ஒப்பிக்கச் சொன்னால் அது இன்னும் இறுக்கி மூடிக்கொள்ளும். அதனால்தான் விளையாட்டு.

காலனி சமுதாயக் கூடத்தில் ஏழு வருஷமாக சாயங்கால வகுப்பு நடக்கிறது. அஞ்சாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் பிள்ளைகள் வருவார்கள். கரும்பலகையை விட தரைதான் எங்களுக்குப் பெரிசு. சாக்பீஸில் பாண்டிக் கட்டம் போடுவோம். கட்டத்துக்கு ஒரு வினைச்சொல்: கோ, ஈட், டிரிங்க், ரைட். சில்லு விழுந்த கட்டத்துக்கு நொண்டியடித்துப் போகிற பிள்ளை மூன்று வடிவத்தையும் சொல்ல வேண்டும். கோ, வென்ட், கான். தப்பாகச் சொன்னால் மற்ற பிள்ளைகள் கத்தித் திருத்துவார்கள், அது திரும்பச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடரும். அவுட் மட்டும் கிடையாது. எங்கள் ஆட்டத்தில் ஒரே சட்டம் இதுதான். தோத்தவன் வெளியே போய் நிக்கணும் என்கிற விதி எல்லா விளையாட்டிலும் இருக்கிறது. வெளியே நிற்கிறதில் எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி உண்டு. அதை ஆட்டத்தில் வேறு எதுக்குச் சொல்லித் தரணும்?

அடுத்த ஆட்டம் 'யூ'. ரெண்டு பிள்ளைகள் எதிரெதிரே நிற்பார்கள். ஒருத்தர் கலெக்டர், இன்னொருத்தர் மாடு மேய்க்கிறவர். ஒருத்தர் பஸ் கண்டக்டர், இன்னொருத்தர் தலைமை ஆசிரியை. யார் யாரைக் கேட்டாலும் 'ஆர் யூ கோயிங்?', 'வேர் டூ யூ லிவ்?' தான். இதைப் புரிய வைக்க எனக்கு விதி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு ஆறாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "அப்ப நீ, நீங்க, வாடா, வாங்க எல்லாத்துக்கும் அது ஒண்ணுதானா?" ஆமாம் என்றேன். "எங்க தாத்தாவுக்கும் அதே யூ, ஆண்டை மவனுக்கும் அதே யூவா?" கூடம் முழுக்கச் சிரிப்பு. எழுபது வயசு ஆளை மேல்சாதி வீட்டுப் பத்து வயசுப் பயல் 'டேய்' என்று கூப்பிடுகிற ஊரில் அந்தச் சிரிப்புக்குப் பொருள் வேற. மறுநாள் ஒரு தகப்பன் வந்து, "ஏதோ யூ யூன்னு சொல்லித் தர்றீங்களாமே, பையன் கழனியில வந்து வாய விட்டுட்டான்னா என் வேல போயிடும்" என்றார். அவர் பயம் பொய்யில்லை. 'யூ'வினால் மட்டும் சமத்துவம் வந்துவிடும் என்று சொல்கிற அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரன் அந்த 'யூ'வை வைத்துக்கொண்டுதானே நம்மை ஆண்டான். 'சார்' என்ற சொல்லும் அவன் மொழிதான். ஆனால் மரியாதையையும் அவமரியாதையையும் வினைமுற்றிலேயே பொதிந்து வைக்காமலும் ஒரு மொழி இயங்க முடியும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், ஊர் வழக்கம் இயற்கை விதி இல்லை என்பதும் தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது ஆட்டம் அகராதி. ஆளுக்கொரு எழுத்து. அந்த எழுத்துக்குக் கீழே தமிழிலிருந்து போன சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். கட்டமரன், செரூட், மல்லிகட்டானி என்று வரிசையாகக் கிடைத்தது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் இங்கிலீஷ்காரன் வாயில் போய் உட்கார்ந்த கதையில் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. 'பி' எழுத்துக்காரன் மட்டும் பேசாமல் இருந்தான். விரல் 'பரையா' என்ற சொல்லில் நின்றிருந்தது. பறையர் என்ற பெயரிலிருந்து 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் வாய்க்குப் போன சொல். இப்போது ஒதுக்கித் தள்ளப்பட்டவன் என்று பொருள். தெருநாய்க்கும் அதே பெயர். உலகம் ஒதுக்கிவைத்த நாட்டை இங்கிலீஷ் பேப்பர்கள் இன்றைக்கும் 'பரையா ஸ்டேட்' என்றுதான் எழுதுகின்றன. மறைத்து என்ன பிரயோஜனம்? சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தான். பிறகு நோட்டில் எல்லோரும் அந்தச் சொல்லுக்குத் தங்கள் சொந்தப் பொருளை எழுதினார்கள். ஒருத்தி 'டிரம்', 'மியூசிக்', 'மை பீப்பிள்' என்று மூன்று சொல் எழுதினாள். அகராதியையும் யாரோ மனுசங்கதான் எழுதுகிறார்கள் என்பது அன்றைய பாடம்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியம் செயப்பாட்டுவினை. பிள்ளைகள் பாஷையில் பேஸிவ் வாய்ஸ். பள்ளிக்கூடத்தில் 'ராமா கில்ட் ராவணா' என்பதைத் திருப்பிப்போட்டு முடித்துவிடுவார்கள். நாங்கள் செய்தித்தாளை வெட்டிக் கொண்டுவருவோம். 'வீடுகள் தீக்கிரையாக்கப்பட்டன', 'வாலிபர் தாக்கப்பட்டார்'. ஆட்டத்தின் பெயர் 'பை ஹூம்?'. ஒருத்தர் வாக்கியத்தைப் படித்ததும் எல்லோரும் 'பை ஹூம்?' என்று கத்த வேண்டும். செய்தவனை எழுவாயில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் புள்ளி. பாதி வாக்கியங்களில் அவனைத் தேடிப் பிடிக்க முடியாது. செய்தியில் இருக்கவே மாட்டான். இல்லாவிட்டால் 'இரு தரப்பு மோதல்' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருப்பான்.

நம் பெயர்களையே பாருங்கள் தோழர்களே. தாழ்த்தப்பட்டோர். ஒடுக்கப்பட்டோர். இங்கிலீஷில் முதலில் 'டிப்ரஸ்ட் கிளாஸஸ்', 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகு 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்'. நொறுக்கப்பட்டவர் என்கிற மராத்திச் சொல்தான் தலித். எல்லாமே பட்ட வினை. தாழ்த்தியது யார், நொறுக்கியது யார் என்று பெயருக்குள் இல்லை. 'பை ஹூம்?' என்று நாம்தான் கத்த வேண்டியிருக்கிறது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். எரித்தது யார்? கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலப்பிரபுக்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. இவ்வளவு வசதியானவர்கள், காரும் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்கிற தர்க்கம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தீர்ப்பு இங்கிலீஷில் இருக்கிறது. செத்தவர்களின் சொந்தக்காரர்களில் எத்தனை பேரால் அதைப் படித்திருக்க முடியும்? உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவைக் காட்டி இன்றும் இங்கிலீஷ்தான் நடக்கிறது. தமிழ் வரட்டும், நானும் சேர்ந்து கொடி பிடிக்கிறேன். அதுவரைக்கும் நம்மைப் பற்றி எழுதுகிறதை நாம் படிக்காமல் இருக்க முடியாது.

இங்கிலீஷைத் தேடிப் போன முதல் ஆட்கள் நாங்கள் இல்லை. 1848இல் புனேயில் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் பூலே இங்கிலீஷ் படியுங்கள் என்று கவிதை எழுதினார். 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பள்ளியைத் திறந்தார். இரட்டைமலை சீனிவாசன் 1930இல் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனார். அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையை 1936இல் இங்கிலீஷில்தான் அச்சிட்டார். உத்தரப்பிரதேசத்தில் பாங்கா என்கிற ஊரில் 2010இல் தலித்துகள் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்ட அடிக்கல் நாட்டினார்கள். எனக்குத் தேவி வேண்டாம், பாண்டிக் கட்டம் போதும். இங்கிலீஷுக்குள்ளும் சாதி உண்டு. கான்வென்ட் உச்சரிப்பு, அரசுப் பள்ளி உச்சரிப்பு என்று அங்கேயும் ஊரும் சேரியும் இருக்கிறது. கும்பிடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. பிடுங்கி எடுத்துப் பயன்படுத்த நிறைய இருக்கிறது.

போன மாசம் கோடிட்ட இடம் நிரப்புகிற பயிற்சி. 'மை ஃபாதர் இஸ் எ...' பாடப்புத்தகத்தில் டாக்டர், ஃபார்மர், டீச்சர் இருக்கிறது. ஒரு பையன் 'டிரம்மர்' என்று எழுதி அடித்துவிட்டான். ஏன்டா என்றேன். "இப்ப அடிக்கறதில்ல சார். ஊர் சாவுக்கு இனிமே அடிக்க வரமாட்டம்னு நிறுத்திட்டாங்க." இறந்தகாலத்தில் எழுது என்றால் இன்னொரு சிக்கல். பீட் என்கிற வினைக்கு நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒரே வடிவம். அடிக்கிறாரா, அடித்தாரா, எப்படித் தெரியும் என்று அவனே கேட்டான். நல்ல கேள்வி. 'யூஸ்ட் டு' என்கிறதை அன்றைக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன். முன்பு வழக்கமாக நடந்தது, இப்போது நடக்காதது. 'மை ஃபாதர் யூஸ்ட் டு பீட் தி டிரம்.' அவன் நிமிர்ந்து நின்று சொன்னான்.

உடனே அது ஒரு ஆட்டமாகிவிட்டது. தரையில் ஒரு கோடு. ஒரு பக்கம் 'யூஸ்ட் டு', இன்னொரு பக்கம் 'ஸ்டில்'. தெரிந்த விஷயத்தை வாக்கியமாக்கி அந்தந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தது 'யூஸ்ட் டு' பக்கம் போனது. தனி கிளாஸில் டீ குடித்ததையும் ஒருத்தன் அங்கேயே எழுதினான். ஒரு பெண் போய் அதை அழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் எழுதினாள். "எங்க பாட்டிக்கு அந்தக் கடையில இன்னும் பேப்பர் கப்புதான் சார். மத்தவங்களுக்குக் கிளாஸ்." இலக்கணப்படி ரெண்டு வாக்கியமும் சரி. எது உண்மை என்று அரைமணி நேரம் சண்டை. சுடுகாட்டுப் பாதை, கோயில் வாசல், தலையாரி கூப்பிடுகிற விதம் என்று 'ஸ்டில்' பக்கம் வளர்ந்துகொண்டே போனது. சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.

மறுநாள் அந்தப் பெண்ணும் இன்னும் நாலு பேரும் 'ஸ்டில்' பக்கத்து வாக்கியங்களை நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார்கள். அதைத் தமிழில் மனுவாக்கித் தரச் சொல்கிறார்கள். தமிழ் எம்.ஏ.வுக்கு இப்போது வேலை வந்திருக்கிறது.