யாரு வீட்டுப் புள்ள?

புதுக்கோட்டையில் ஆலங்குடி பஸ் ஏறினால், தைலமர வாசனை மூக்கை விட்டுப் போவதற்குள் திருவரங்குளம் வந்துவிடும். ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஊராட்சி ஒன்றியத் தலைநகரம் என்றாலும் ஆர்ப்பாட்டமில்லாத ஊர். டீக்கடை பெஞ்சில் புதுமுகம் ஒன்று உட்கார்ந்தால், டீக்கு முன்னால் கேள்வி வரும்: "தம்பி யாரு வீட்டுப் புள்ள?" பெயர் சொன்னால் போதாது. அப்பா யார், அம்மா எந்த ஊர், எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பேச்சு மழை பக்கம் திரும்பும். பாசத்தில் கேட்பதுதான். ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாதவனுக்குத்தான் அது தொண்டையில் நிற்கும்.

அரன் குளம்தான் அரங்குளம். சாமிக்கு அரங்குளநாதர் என்று பெயர். ஹரதீர்த்தேஸ்வரர் என்பதும் அதேதான். கோயில் சுவர்களில் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர் சொல்லும் கதையில் ஒரு வேடன் வருகிறான். காட்டில் கிடைத்த தங்கப் பனம்பழங்களை அருமை தெரியாமல் தானியத்துக்கு மாற்றிக்கொண்டவன். அந்தப் பொற்பனைதான் பக்கத்துப் பொற்பனைக்கோட்டைக்குப் பெயர் தந்தது என்பார்கள். கதையை விட்டுவிட்டுத் தோண்டிப் பார்த்தாலும் அங்கே தங்கம் இருந்தது. 2023 அகழாய்வில் சிறு தங்க அணிகலனும் சூதுபவள மணியும் கிடைத்தன. சூதுபவளம் இந்த மண்ணில் விளையாதது. எங்கிருந்தோ யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள். வந்தவர்களில் சிலர் இங்கேயே தங்கியும் இருப்பார்கள்.

எனக்கு இந்த ஊரில் பிடித்தது அம்மனின் கதை. பெரியநாயகி வல்லநாட்டுச் செட்டியார் வீட்டில் பிறந்து அரங்குளநாதருக்கு வாழ்க்கைப்பட்டவள் என்கிறது தலபுராணம். செட்டியார் வீட்டார் அம்மனைத் தங்கள் வீட்டுப் பெண் என்றுதான் பேசுவார்கள். கும்பிடும்போது தெய்வம், சீர் என்று வந்துவிட்டால் மகள். குலம் கோத்திரம் இல்லாத சிவனுக்குப் பெண் கொடுத்துவிட்டு, அவருக்கும் மாமனார் வீட்டு உரிமையை விட்டுக்கொடுக்காத ஊர் இது.

பெரியநாயகியை வடமொழியில் சொன்னால் பிரகதாம்பாள். அந்தப் பெயர்தான் சற்றுத் தள்ளி, திருக்கோகர்ணத்தில், புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களின் குலதெய்வத்துக்கு. ராஜாக்கள் தங்களைப் பிரகதாம்பாள் தாசர் என்று சொல்லிக்கொண்டார்கள். நவராத்திரியில் அரிசியோடு அம்மன் காசு கொடுத்தார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய செப்புக்காசு. இருபது சேர்ந்தால் ஓரணா. ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருப்பாள். திருப்பினால் 'விஜய' என்று தெலுங்கில் இருக்கும். தமிழ் ராஜாவின் காசில் தெலுங்கு எப்படி என்று சமஸ்தானத்தில் யாரும் சண்டைக்கு வந்ததாகத் தெரியவில்லை. கலப்பு காசில் இருந்தவரை தொந்தரவில்லை.

தொந்தரவு 1915இல் வந்தது. திருவரங்குளமும் அடங்கிய சமஸ்தானத்தை ஆண்ட மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், நாற்பதை நெருங்கும் வயதில் ஆஸ்திரேலியா போனார். ஆகஸ்ட் 10ஆம் தேதி மெல்பர்னில் மோலி ஃபிங்க் என்ற இளம்பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். கறுப்பு, மாநிறத் தோல்களை உள்ளே விடாமல் வடிகட்ட 1901லேயே சட்டம் போட்டிருந்த நாடு அவளுடையது. புதுக்கோட்டைக்கு வந்தவளை ராணி என்று ஏற்க ஆங்கில அரசு மறுத்தது. அவள் தங்கியது சில மாதங்கள். கர்ப்பிணியாக இருந்தவளுக்கு அரளி கொடுத்துக் கொல்லப் பார்த்தார்கள் என்று இந்தத் தம்பதியின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1916இல் இருவரும் மறுபடி கப்பலேறினார்கள். ஜூலையில் சிட்னியில் மகன் பிறந்தான். பிறந்த ஊரையே பெயரில் சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று வைத்தார்கள்.

அவனுக்குப் பட்டம் கிடையாது என்று ஆங்கில அரசு உறுதியாக இருந்தது. ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்பது சொன்ன காரணம். திருவரங்குளத்துக்கு வந்து யாரும் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. இத்தனைக்கும் மார்த்தாண்ட பைரவரே முந்தைய ராஜாவின் மகனல்ல. ராமச்சந்திரத் தொண்டைமானுக்கு மகள் வயிற்றுப் பேரன். சுவீகாரம் எடுத்து 1886இல் பட்டம் கட்டினார்கள். அதாவது, பேரனை மகனாக்கிக்கொள்ள வழியுண்டு. ராஜாவுக்குப் பிறந்த மகன் மகனாக வழியில்லை. ரத்தம் பார்க்கிறவர்களின் கணக்கு எப்போதும் இப்படித்தான், வேண்டிய இடத்தில் வளையும்.

இன்னொரு கணக்கு 1935 இந்திய அரசுச் சட்டத்தில் வந்தது. பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 366ஆவது பிரிவிலும் ஏறியது. தந்தை வழி ஐரோப்பியராக இருந்தால்தான் ஆங்கிலோ இந்தியர். தாய் வழி கணக்கில் இல்லை. பொன்மலை ரயில்வே குடியிருப்புப் பையனுக்குக் கிடைத்த அந்த அடையாளம் ராஜாவின் மகன் சிட்னிக்குப் பொருந்தாது. அந்தக் கணக்கில் அவர் வெறும் இந்தியர். ஆனால் அந்த இந்தியருக்கு அம்மாவின் தோலைக் காட்டித்தான் அரண்மனைக் கதவைச் சாத்தினார்கள்.

ராஜா 1922இல் ஆட்சிப் பொறுப்பைச் சகோதரரிடம் விட்டுவிட்டு ஐரோப்பாவில் இருந்துவிட்டார். 1928 மே மாதம் பாரிஸில் இறந்தபோது உடல்கூட ஊர் வரவில்லை; லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் எரித்தார்கள். சிட்னிக்கு அப்போது பதினொரு வயது. அதே ஆண்டு ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் பட்டம் கட்டினார்கள். மோலி 1967இல் கான் நகரிலும், சிட்னி 1984இல் புளோரன்ஸிலும் போய்ச் சேர்ந்தார்கள். பெரியநாயகிக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் இந்த ஊரிலேயே இருக்கின்றன. மோலிக்குப் புகுந்த வீடு வாய்க்கவே இல்லை.

சிட்னி எப்போதாவது ஆலங்குடி பஸ்ஸில் வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டீ ஆறும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி வந்திருக்கும். தொண்டைமான் வீட்டுப் புள்ள என்று சொல்லியிருந்தால், கேட்டவர் தோள்துண்டை எடுத்துவிட்டு எழுந்திருப்பார். அம்மா எந்த ஊர் என்றும் அடுத்துக் கேட்டிருப்பார்.